ராத்திரி மூச்சும் பகல் மறதியும்



வயதான பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் நான் அடிக்கடி கேட்கிற புகார் இரண்டு. ஒன்று, "ராத்திரி தூங்கறதே இல்லீங்க, கட்டில்ல உட்கார்ந்தே கிடக்கிறாரு." இன்னொன்று, "சொன்னது எதுவும் நிக்கறதில்லை, அஞ்சு நிமிஷத்துல மறந்துடறாரு." இரண்டையும் சொல்லிவிட்டு எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "வயசாயிடுச்சு, அப்படித்தான்." அந்தப் பெரியவர் இருபது வருஷமாக இருமிக்கொண்டிருப்பதையும், ஆஸ்பத்திரி மேட்டை ஏறி வருவதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்குவதையும் யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நெஞ்சுக் கோளாறுக்குப் பம்ப், மறதிக்குக் கடவுள் விட்ட வழி என்று பிரித்து வைத்துவிடுகிறார்கள். இந்த முறை நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். பல பேருக்குத் தூக்கம் கெடுவதும் ஞாபகம் கெடுவதும் அந்த நெஞ்சு நோயிலிருந்தே வருகின்றன. அதில் ஒரு பகுதியைச் சரி செய்யவும் முடியும்.

டாக்டர் எழுதும் சீட்டில் இந்த நோய்க்கு சி.ஓ.பி.டி. என்று பெயர் இருக்கும். நாம் இளைப்பு, இழுப்பு, நெஞ்சுச் சளி என்று சொல்லுவோம். நுரையீரலுக்குள்ளே காற்றுப் போகிற சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி கட்டிச் சுருங்கிப் போகின்றன. கடைசியில் இருக்கிற காற்றுப் பைகள் சிதைந்து தொளதொளவென்று ஆகிவிடுகின்றன. இழுத்த காற்று முழுவதும் வெளியே வராமல் நெஞ்சிலேயே தங்கிவிடும். பிறகு புதுக் காற்றுக்கு இடம் ஏது? ஆஸ்துமா மாதிரி இது வந்து வந்து போகாது. வருஷத்துக்கு வருஷம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும்.

புகை பிடிப்பதுதான் முதல் காரணம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சிகரெட்டையும் தொடாத நம் பாட்டிமார்களுக்கும் வருகிறதே? இது குளிர் ஊர். வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னால் விடியற்காலையிலேயே எழுந்து விறகை மூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, ஊதி ஊதிப் புகையை உள்ளே இழுத்தவர்கள் அவர்கள்தான். தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் புகைப் பழக்கமே இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தூசியையும் விட்டுவிடக் கூடாது. தேயிலைத் தூளோடு வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆஸ்துமாவையும் நாட்பட்ட மார்ச்சளியையும் பற்றி இலங்கையில் டாக்டர் யூரகொட 1970-லும் 1980-லும் எழுதியிருக்கிறார். தூள் சலிக்கும் அறையில் மூக்கை மூடாமல் வருஷக்கணக்கில் நின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்ன வயதில் காசநோய் வந்து ஆறிய நுரையீரலுக்கும் இது வரலாம்.

சரி, ராத்திரி என்ன நடக்கிறது?

விழித்திருக்கும்போது இந்த நோயாளி கழுத்துச் சதை, தோள் சதை, விலாச் சதை எல்லாவற்றையும் துணைக்குக் கூப்பிட்டுத்தான் மூச்சு இழுக்கிறார். மேடு ஏறி வந்தவரைப் பாருங்கள், தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு பெரிய மூச்சுச் சதை உண்டு. நியாயமாக அதுதான் முக்கால்வாசி வேலையைப் பார்க்க வேண்டும். ஆனால் நெஞ்சில் காற்றுத் தேங்கித் தேங்கி அது கீழே அமுங்கித் தட்டையாகிவிட்டது. முன் மாதிரி அதனால் இழுக்க முடிவதில்லை. அதனால்தான் மற்றச் சதைகள் கைகொடுக்கின்றன.

தூக்கத்தில், அதிலும் கனவு காணும் நேரத்தில், உடம்பில் உள்ள சதைகள் தளர்ந்து போகும். கனவில் ஓடுகிறோம், கட்டிலில் கால் ஓடுவதில்லையே, அது இதனால்தான். அப்போது உதரவிதானம் மட்டும் தனியாக வேலை செய்யும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது போதும். நம் பெரியவருக்குப் போதாது. ரத்தத்தில் பிராணவாயு, அதாவது ஆக்ஸிஜன், இறங்கும். வெளியே போக வேண்டிய கரியமில வாயு ஏறும். கனவுத் தூக்கம் விடியலுக்கு முந்திய நேரத்தில்தான் அதிகம் வரும். மூன்று மணி, நான்கு மணிக்குத் திடுக்கென்று எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறார் என்றால் அது வீம்பும் இல்லை, வயசுக் கோளாறும் இல்லை. மூச்சு அவரை எழுப்பிவிடுகிறது. காலையில் தலை பாரம், தலைவலி, பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம் என்று அவர் சொன்னால், ராத்திரியில் கரியமில வாயு தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் பக்கம் போனால் இன்னும் உயரம். இங்கே காற்று மெலிந்தது. ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல உடம்புக்கு இது தெரியவே தெரியாது. நுரையீரல் ஏற்கெனவே பாதியாகிப்போனவருக்குத் தெரியும். ஆகவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்து, "பரவாயில்லை, அளவு நல்லா இருக்கு" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "டாக்டர், நாங்க கேமரன் மலைல இருக்கோம், ராத்திரி அங்கதான் தூங்குறாரு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கீழே எடுத்த அளவும் மேலே எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது.

இனி மறதிக்கு வருவோம். உடம்பின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவு செய்யும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்க அதற்கு இடம் கிடையாது. அன்றாடங்காய்ச்சி மாதிரி, வந்தால் உண்டு, வராவிட்டால் பட்டினி. அமெரிக்காவில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்த 203 நெஞ்சு நோயாளிகளின் ஞாபகம், கவனம், யோசனை எல்லாவற்றையும் சோதித்து 1982-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 42 பேருக்கு மூளையின் வேலை நன்றாகவே குறைந்திருந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் அப்படி இருந்தது நூற்றுக்கு 14 பேர்தான். சில மாதங்கள் ஆக்ஸிஜன் கொடுத்துத் திரும்பச் சோதித்தபோது பல பேருக்குக் கொஞ்சம் தேறியிருந்தது. முழுதாகத் தேறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வயதினால் மட்டும் வந்த மறதியாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் தேறியிருக்குமா?

ஆக்ஸிஜன் குறைவு ஒன்றே காரணமும் இல்லை. பகலில் கேட்டதையும் பார்த்ததையும் மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். பத்துத் தடவை எழுந்து உட்காருகிறவருக்கு எப்போது அடுக்குவது? பல வருஷம் பிடித்த சிகரெட் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் கெடுத்திருக்கும். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதால் வருகிற மனச்சோர்வும் மறதி மாதிரியே தெரியும். இந்த மனச்சோர்வை நம் வீடுகளில் யாரும் நோயாக எண்ணுவதே இல்லை என்பது என் குறை.

இந்த மறதிக்கு ஒரு சாயல் உண்டு. 1970-களில் எந்தத் திடலுக்கு யார் மண்டோர், யாருக்கு யார் சம்பந்தி என்று பழசைக் கேட்டால் கொட்டுவார். ஆனால் இப்போது சொன்ன மூன்று வேலையில் ஒன்றைத்தான் செய்வார். பேச்சை நடுவில் விட்டுவிடுவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல்படுவார். கொஞ்சம் அடி எடுத்துக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும். இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். தைராய்டு, சர்க்கரை, பி12 சத்துக் குறைவு, உண்மையான முதுமை மறதி நோய் இவையும் இருக்கலாம். அதை டாக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் நெஞ்சு நோயைச் சொல்லாமல் மறதியை மட்டும் சொன்னால் அவராலும் பிரிக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர். "பம்ப் அடிச்சும் கேக்கமாட்டேங்குது, புத்தியும் தடுமாறுது, ஈப்போவில முதியோர் இல்லத்துல விட்டுடலாமான்னு பார்க்கிறோம்" என்று மகன் வந்து சொன்னார். பம்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். காலி. எத்தனை வாரமாகக் காலியோ தெரியாது. அழுத்தினால் 'புஸ்' என்று சத்தம் வருகிறது, மருந்து மட்டும் வருவதில்லை. நீல நிறப் பம்ப் பெரும்பாலும் 200 தடவைக்குத்தான். மருந்து தீர்ந்த பிறகும் அது கொஞ்ச நாள் ஊதிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பம்ப், தினமும் தவறாமல் எடுக்க வேண்டியது, அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. அவர் சோம்பேறி இல்லை. எது எப்போது என்பது அவர் தலையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறது: நெஞ்சு நோயால் மறதி, மறதியால் மருந்து தவறுகிறது, மருந்து தவறுவதால் நெஞ்சு இன்னும் கெடுகிறது. மருமகள் பொறுப்பு எடுத்துக்கொண்டார். காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு, காலையில் பல் விளக்கும் நேரத்தோடு பம்பைச் சேர்த்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பெரியவர் சில பெயர்களை மறக்கிறார். ஆனால் வீட்டில்தான் இருக்கிறார், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

ஆகவே வீட்டில் ஒருவர் பம்புக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எடுப்பதைக் கண்ணால் பாருங்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்து வராத பெரியவர்களுக்கு நடுவில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய், ஸ்பேசர் என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். சில பம்புகள் பொடியாக வரும், அவற்றுக்கு முறையே வேறு. கொடுக்கிறவரிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள், பிறகு பெரியவரைத் திருப்பிச் செய்து காட்டச் சொல்லுங்கள். தலையை ஆட்டுவதை நம்பாதீர்கள், மரியாதைக்காக எல்லாரும் ஆட்டுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தூக்கம் வரவில்லை என்றதும் பக்கத்து வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையில் பாதியை வாங்கிக் கொடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். மூச்சு எழுப்பிவிடுவதால்தான் அவர் பிழைத்துக் கிடக்கிறார். மாத்திரை அந்த எழுப்புதலையே அமுக்கிவிடும். மூச்சு இன்னும் மந்தமாகும், கரியமில வாயு ஏறும், காலையில் எழுப்பினால் எழுந்திருக்காமல் போகலாம். "நல்லா அசந்து தூங்குறாரு" என்று வீட்டார் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். சம்சு, பியர், பிராந்தி எதுவும் இதே கதைதான். குளிருக்கு ஒரு மூடி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சில இருமல் மருந்துத் தண்ணியில் மயக்கம் தரும் சரக்கு இருக்கிறது. சளிக்கு வாங்கும் பிரிட்டோன் மாதிரி மாத்திரைகள் வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றத்தையே கொண்டுவரும். கடையில் வாங்குமுன் கேளுங்கள்.

டாக்டர் கொடுத்த மருந்தும் சில சமயம் தூக்கத்தைக் கெடுக்கும். பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழிப்புத்தான், அதைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதுதான் வழக்கம். தியோபிலின் மாத்திரை சிலருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் தரும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வந்து சொன்னால் நேரத்தையோ அளவையோ மாற்றலாம்.

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைப்பதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கோவிட் காலத்தில் விரல் கிளிப் எல்லா வீட்டுக்கும் அறிமுகமாகிவிட்டது. இந்த நோயாளி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அளவு 88 அல்லது அதற்கும் கீழே நிற்கிறது என்றால், வீட்டு ஆக்ஸிஜன் தேவையா என்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார். தேவைப்படுகிறவர்கள் ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் போட வேண்டும். ஆயுள் கூடுகிறது என்று 1980-லும் 1981-லும் வெளியான அமெரிக்க, பிரிட்டிஷ் ஆராய்ச்சிகள் காட்டியது இப்படி அதிக நேரம் போட்டவர்களுக்குத்தான். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் முகர்வதில் பயனில்லை. அதே சமயம், ஓரளவே குறைந்தவர்களுக்கு இது பயன் தரவில்லை என்று 2016-ல் 738 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி சொல்லிவிட்டது. ஆகவே எல்லாரும் கடன் வாங்கி மெஷின் வாங்க ஓட வேண்டாம். அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் சிலருக்குக் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும். டாக்டர் வைத்த எண்ணைக் கையால் தொடாதீர்கள். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் சிகரெட், சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் கூடாது. தீ நிமிஷத்தில் பற்றும்.

குண்டாக இருந்து, பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சே நின்று, பிறகு விழுக்கென்று இழுக்கிறார் என்றால் அது வேறொரு தூக்க நோயும் கூடவே இருப்பதன் அடையாளம். 1985-ல் பிளென்லி என்ற டாக்டர் இந்த இரட்டை நோய்க்குத் தனிப் பெயரே வைத்தார். இதற்கு ராத்திரியில் முகத்தில் மாட்டும் காற்று மெஷின் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுக்கிற மனைவிதான், அவருக்குத் தன் குறட்டை தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுங்கள். படுக்குமுன் சளியை இருமித் துப்பிவிடட்டும். பகலில் இயன்ற அளவு நடக்கட்டும், நடை நெஞ்சுக்கு மட்டுமல்ல, புத்திக்கும் நல்லது. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துவிட்டு உள்ளே கொசுவத்தியும் சாம்பிராணியும் போடாதீர்கள். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோவது நல்ல உடம்புக்காரனையே கொல்லும். சிகரெட் விடுவதற்கு அரசாங்கக் கிளினிக்கில் உதவி கிடைக்கிறது. அறுபது வயதில் விட்டாலும் நோய் ஏறுவது மெதுவாகும். சளிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாக வருகிற மறதி வேறு, ஒரே நாளில் வருகிற குழப்பம் வேறு. நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், உளறுகிறார், எழுப்பினால் மறுபடி மறுபடி தூங்கிவிழுகிறார், உதடு நீலம் பாய்கிறது, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி மூச்சு ஏறிவிட்டது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 999 கூப்பிடுங்கள், அல்லது தானா ராத்தா சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை வீணாக்கிய வீடுகளும் நம்மிடையே உண்டு.

இன்னும் வேலையில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. பகலில் கண் அசந்துபோகிறவர் இலை வெட்டும் மெஷினையும் தொழிற்சாலை உருளையையும் தொடுவது ஆபத்து. சிம்பாங் பூலாய் ரோட்டில் லாரி ஓட்டுவது அதைவிட ஆபத்து. சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டு சட்டப்படி சொக்சோவில், 60 வயதுக்குள் வேலை செய்ய இயலாமல் போனவர்களுக்கு, சந்தா நிபந்தனை சரியாக இருந்தால், இயலாமை ஓய்வூதியம் உண்டு. வேலையால் வந்த நோய்க்குத் தனியாகக் கோரிக்கை வைக்கவும் இடம் இருக்கிறது. அதற்கு மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனையின் முடிவும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் தேவைப்படும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை பெரியவரைக் கிளினிக்குக் கூட்டி வரும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், காலிப் பம்பையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ராத்திரி அவர் எத்தனை தடவை எழுகிறார் என்று ஒரு வாரம் எழுதி வைத்த தாளையும் அதிலேயே போடுங்கள். அவரோடு அறைக்குள் ஒருவர் வந்து உட்காருங்கள். டாக்டர் கேட்கும்போது, "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றுதான் பெரியவர் சொல்லப்போகிறார்.